ஒற்றைப் பலகைக் கணினியைச் சோதிப்பது எப்படி: மின்கம்பி முதல் வைஃபை வரை

செயலி, நினைவகம், யூஎஸ்பி துளைகள், ஈதர்நெட், வைஃபை ஆகிய எல்லாவற்றையும் உள்ளங்கை அளவுள்ள ஒரே பலகையில் பொருத்தித் தரும் ஒற்றைப் பலகைக் கணினியை வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, ஏதேனும் ஒரு வேகச் சோதனை நிரலை ஓட்டி, வரும் எண்ணை வேறு யாரோ வெளியிட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். எண் குறைந்திருந்தால் பலகையில் ஏதோ பழுது என்று நினைக்கிறார்கள். ஆனால் அதே பலகையில் அதே நிரலை அரை மணி நேரம் கழித்து ஓட்டினால் எண் மாறுகிறது. மின்கம்பியை மாற்றினாலும், பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்தாலும், இயங்குதளத்தைப் புதுப்பித்தாலும் மாறுகிறது. இவற்றில் எந்த எண்ணும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு நிலையில் இருந்த வெவ்வேறு அமைப்பை அளந்திருக்கிறது.

மடிக்கணினி ஒன்றை வாங்கும்போது அதற்கேற்ற மின்வழங்கியையும் குளிர்விசிறியையும் சேமிப்பகத்தையும் தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்துப் பொருத்திச் சோதித்துத் தருகிறார். ஒற்றைப் பலகைக் கணினியில் அந்தப் பொறுப்பு முழுவதும் வாங்குபவரின் தலையில் விழுகிறது. எனவே இங்கே சோதனை என்பது பலகையின் திறனைக் கண்டுபிடிக்கும் வேலையாக மட்டும் இருப்பதில்லை. நாம் சேர்த்த மின்வழங்கி, கம்பி, அட்டை, வெப்பத்தகடு, ரவுட்டர் ஆகியவற்றில் எது மற்றவற்றைப் பிடித்து இழுக்கிறது என்று தேடும் வேலையாகவும் இருக்கிறது. ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினிக் குடும்பத்தைப் பற்றிப் பொதுவெளியில் தெளிவான விவரங்கள் நிறைய இருப்பதால் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் அதிலிருந்தே எடுக்கிறேன். சொல்லப்படும் முறை மற்றப் பலகைகளுக்கும் பொருந்தும்.

தேடலை மின்சாரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மின்னழுத்தம் நிலையாக இல்லாத பலகையில் எடுக்கப்படும் வேறு எந்த அளவையும் நம்ப முடியாது. செயலி திடீரென்று மெதுவாவது, யூஎஸ்பி வட்டு துண்டிக்கப்பட்டு மீண்டும் இணைவது, வைஃபை காரணமின்றி அறுந்துபோவது, அட்டையிலுள்ள கோப்புகள் சிதைவது என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் பல கோளாறுகளுக்கு மின்னழுத்தக் குறைவே பொதுவான வேராக இருப்பதுண்டு.

இதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். மின்வழங்கி சரியாக 5 வோல்ட் தருகிறது என்றும், அதிலிருந்து பலகை வரை செல்லும் மெல்லிய நீண்ட கம்பியின் மின்தடை, போகவும் வரவும் சேர்த்து, 0.2 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். பலகை சும்மா இருக்கும்போது 0.6 ஆம்பியர் இழுத்தால் கம்பியிலேயே 0.12 வோல்ட் இழக்கப்பட்டு, பலகைக்கு 4.88 வோல்ட் கிடைக்கிறது. இதில் ஒரு குறையும் தெரியாது. செயலியின் நான்கு மையங்களும் (கோர்கள்) முழுமூச்சாக வேலை செய்து, கூடவே ஒரு யூஎஸ்பி வட்டும் சுழலத் தொடங்கி, மின்னோட்டம் 2 ஆம்பியராக ஏறும்போது இழப்பு 0.4 வோல்ட்டாகிறது, பலகையை வந்தடைவது 4.6 வோல்ட்தான். ராஸ்பெரி பை பலகைகளில் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் எச்சரிக்கை எழுகிறது, செயலியின் வேகம் குறைக்கப்படுகிறது. அதாவது, சும்மா இருந்த நேரத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து எல்லாம் சரி என்று முடிவுக்கு வந்த அதே அமைப்பு, உண்மையான வேலை வரும்போது எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதிகாரபூர்வமான மின்வழங்கிகள் 5 வோல்ட்டுக்குப் பதிலாக 5.1 வோல்ட் தருவதற்கும் கம்பியில் ஏற்படும் இந்த இழப்பே காரணம்.

இந்த எச்சரிக்கைகளைப் பலகையே நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ராஸ்பெரி பையின் நிலைபொருளிடம் (பலகையை இயக்கும் அடிப்படை மென்பொருள்) வேகக் குறைப்பு நிலையைக் கேட்டால் ஒரு பதினாறடிமான எண்ணைத் தருகிறது. பூச்சியம் என்று வந்தால், பலகையை இயக்கியதிலிருந்து ஒரு சிக்கலும் நேரவில்லை என்று பொருள். 50005 என்று வந்தால், மின்னழுத்தம் இந்தக் கணமே குறைவாக இருக்கிறது, அதனால் வேகமும் இப்போதே குறைக்கப்பட்டிருக்கிறது. கடைசி 5 மறைந்து 50000 என்று வந்தால், இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் முன்பு எப்போதோ இரண்டும் நேர்ந்திருக்கின்றன. இந்த மூன்றாவது நிலைதான் மிகவும் பயனுள்ளது. ஏனெனில், ஒரு சோதனை ஓடி முடிந்த பிறகு, இடையில் மின்சாரம் தடுமாறியதா என்பதைப் பின்னோக்கிப் பார்த்துச் சொல்லிவிட முடிகிறது. ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் பின்பும் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் ஒன்றே, வீணான தேடல்களில் பாதியை மிச்சப்படுத்தும்.

2023-ஆம் ஆண்டு வெளிவந்த ராஸ்பெரி பை 5-இல் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. அது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் மின்வழங்கியை எதிர்பார்க்கிறது. 3 ஆம்பியர் மட்டுமே தரக்கூடிய மின்வழங்கியை இணைத்தாலும் பலகை இயங்கும். ஆனால் யூஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லியாம்பியர் மட்டுமே ஒதுக்கும். 5 ஆம்பியர் மின்வழங்கி இருந்தால் அந்த ஒதுக்கீடு 1.6 ஆம்பியராக உயர்கிறது. யூஎஸ்பி வட்டு ஒன்று அடிக்கடி துண்டிக்கப்படுகிறது என்று அந்த வட்டின் மீது பழி போடும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது சூடு. ராஸ்பெரி பை 4, 5 ஆகியவற்றில் சில்லின் வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது செயலியின் கடிகார வேகம் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. 85 டிகிரியில் இன்னும் கடுமையாகக் குறைக்கப்படுகிறது. 2018-இல் வந்த 3 பி பிளஸ் பலகையில் 60 டிகிரியிலேயே 1.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் 1.2 கிகாஹெர்ட்ஸாக இறங்கும்படி அமைத்திருந்தார்கள். குளிர்ந்த பலகை இந்த எல்லைகளை எட்ட ஓரிரு நிமிடங்கள் முதல் பல நிமிடங்கள் வரை ஆகும். பத்து வினாடிகளில் ஓடி முடியும் சோதனை, சூடேறுவதற்கு முந்தைய பலகையை மட்டுமே பார்த்திருக்கிறது. ஒரு படத்தைத் திறப்பது போன்ற நொடிப்பொழுது வேலைகளுக்கு அந்த எண் பொருந்தலாம். நாள் முழுவதும் காணொளியை மாற்றிக்கொண்டோ கேமரா காட்சிகளை ஆராய்ந்துகொண்டோ இருக்கப்போகும் பலகைக்கு அது பொருந்தவே பொருந்தாது.

ஆகவே செயலிச் சோதனையை ஒரே எண்ணாகக் கொள்ளாமல் காலப்போக்கில் நீளும் ஒரு கோடாகக் கொள்ள வேண்டும். ஸ்ட்ரெஸ்-என்ஜி போன்ற நிரலால் எல்லா மையங்களுக்கும் வேலை கொடுத்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரத்துக்கு, சில வினாடிகளுக்கு ஒருமுறை வெப்பநிலையையும் கடிகார வேகத்தையும் ஒரு கோப்பில் பதிந்துகொண்டே போவது எளிய முறை. லினக்ஸில் வெப்பநிலை ஒரு சாதாரணக் கோப்பாகவே கிடைக்கிறது. அதைத் திறந்தால் 48312 போன்ற எண் இருக்கும், ஆயிரத்தால் வகுத்தால் 48.3 டிகிரி. வரைபடம் போட்டுப் பார்த்தால் முதலில் வெப்பநிலை விரைவாக ஏறி, பிறகு மெல்லத் தட்டையாகும். தட்டையாகும் இடம் 80 டிகிரிக்கு நன்றாகக் கீழே இருந்தால் குளிர்விப்பு போதும். எல்லையைத் தொட்டபடி வெப்பநிலை நின்று, கடிகார வேகம் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தால், அந்தப் பலகை தன் முழுத் திறனைத் தொடர்ந்து தர இயலாத நிலையில் இருக்கிறது. இந்தப் பதிவோடு அறையின் வெப்பநிலையையும் குறிக்காவிட்டால் பயன் பாதியாகிவிடும். 22 டிகிரி அறையில் 70 டிகிரியில் நின்ற சில்லு, 36 டிகிரி அறையில் ஏறத்தாழ 84 டிகிரியை நோக்கிப் போகும், அதற்குள் வேகக் குறைப்பும் தொடங்கிவிடும்.

இவ்வளவும் உறுதியான பிறகே பெஞ்ச்மார்க் என்ற வேக ஒப்பீட்டு எண்களுக்கு வர வேண்டும். 1984-இல் உருவான டிரைஸ்டோன் என்ற சிறு நிரல் இன்றும் சில்லுகளின் விவரத்தாள்களில் தலைகாட்டுகிறது. அது மிகவும் சிறியது என்பதால் முழுவதும் செயலியின் உட்தேக்கத்துக்குள்ளேயே (கேஷ்) அடங்கிவிடுகிறது. நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பி (கம்பைலர்) புத்திசாலித்தனமாக இருந்தால் வேலையின் ஒரு பகுதியைச் செய்யாமலே தவிர்த்துவிடுகிறது. அதன் குறைகளைக் களையவே பின்னாளில் கோர்மார்க் வந்தது; ஆனால் அதுவும் சிறியதுதான், நினைவகத்தின் வேகத்தை அது அதிகம் தொடுவதில்லை.

பலரும் கையாளும் சிஸ்பெஞ்ச் நிரலின் செயலிச் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. அது பகா எண்களைத் தேடுகிறது. அந்தத் தேடலில் 64 பிட் எண்களை வகுக்கும் வேலையே மிகுதி. 32 பிட் இயங்குதளத்தில் அந்த வகுத்தலைப் பல கட்டளைகளாகப் பிரித்து மென்பொருளால் செய்ய வேண்டியிருக்கிறது. 64 பிட் இயங்குதளத்தில் ஒரே கட்டளையில் முடிந்துவிடுகிறது. இதனால் அதே பலகையில் இயங்குதளத்தை மட்டும் மாற்றியவருக்கு வேகம் பல மடங்கு கூடிவிட்டதாகத் தெரியும். அன்றாட வேலைகளில் அந்தப் பாய்ச்சலைக் காணவே முடியாது. போதாக்குறைக்கு, சிஸ்பெஞ்சின் பழைய பதிப்புகள் மொத்த நேரத்தை முதன்மையாகக் காட்டின, புதியவை வினாடிக்கு எத்தனை நிகழ்வுகள் என்று காட்டுகின்றன; இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்புவது எளிது.

தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கம் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. இப்பலகைகளில் உள்ள ஆர்ம் வி8 வகைச் செயலிகளில் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறைக்கென்று தனிக் கட்டளைகள் உண்டு. ஆனால் அவை விருப்பக்கூறு, சில்லுத் தயாரிப்பாளர் சேர்க்கலாம், விடலாம். ராஸ்பெரி பை 4-இன் சில்லில் அவை இல்லை; 5-இன் சில்லில் இருக்கின்றன. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலிலேயே உள்ள வேகச் சோதனையில் இந்த இரண்டு பலகைகளையும் ஏஇஎஸ் முறையில் ஓட்டினால், பொதுவான செயலிச் சோதனைகளில் தெரியும் வேறுபாட்டைக் காட்டிலும் மிகப் பெரிய இடைவெளி தெரியும். பை 4-ஐ வைத்து மறையாக்கப்பட்ட வட்டையோ விபிஎன் (பொது இணையத்தின் வழியே செல்லும் மறையாக்கப்பட்ட தனி வலை) வாயிலையோ அமைக்கப்போகிறவருக்குக் கோர்மார்க் எண் ஒன்றும் சொல்லாது. இந்த ஒரு சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும். அத்தகைய பலகையில் சாச்சா20 என்ற வேறு மறையாக்க முறையைக் கையாளும் வயர்கார்டு விபிஎன் நன்றாக ஓடுவதற்கும், ஏஇஎஸ்ஸை நம்பிய விபிஎன் திணறுவதற்கும் காரணம் இதுதான்.

இருவகை மையங்கள் கொண்ட சில்லுகளில் இன்னொரு கவனம் வேண்டும். ராக்சிப் நிறுவனத்தின் ஆர்கே3588 சில்லில் வேகமான கார்டெக்ஸ் ஏ76 மையங்கள் 4, சிக்கனமான ஏ55 மையங்கள் 4 என்று மொத்தம் 8 இருக்கின்றன. ஒற்றை மையச் சோதனை ஒன்று தற்செயலாகச் சிறு மையத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் எண் பாதிக்கும் கீழே விழலாம். எந்த மையத்தில் ஓட வேண்டும் என்று நிரலைக் கட்டிப்போட்டுச் சோதிப்பதே முறை. மென்பொருள் பதிப்பும் இப்படித்தான் விளையாடும்: 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தோடு வெளிவந்த பை 4-இன் குறிப்பிட்ட சில பதிப்புகள், 2021-இல் வந்த புதிய இயங்குதளத்தில் தாமாகவே 1.8 கிகாஹெர்ட்ஸில் ஓடத் தொடங்கின. வன்பொருளில் ஒரு திருகுகூட மாறாமல் எண் உயர்ந்த நிகழ்வு அது.

நினைவகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதன் வேகம் பலகையில் நிலையாகப் பொருத்தப்பட்டது, நாம் மாற்ற முடியாது. நினைவகம் தீர்ந்து, இயங்குதளம் அட்டையை மாற்று நினைவகமாகக் (ஸ்வாப்) கையாளத் தொடங்குகிறதா என்பதை மட்டும் சோதனையின்போது கவனித்தால் போதும்; தொடங்கிவிட்டால் அதன் பிறகு அளக்கப்படுவது அட்டையின் வேகம்தான்.

அந்த அட்டைதான் பெரும்பாலான அமைப்புகளின் உண்மையான முட்டுக்கட்டை. மைக்ரோ எஸ்டி அட்டையின் உறையில் அச்சிடப்படும் பெரிய எண் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். அதையும் பலகையின் துளை முழுமையாகப் பயன்படுத்துவதில்லை. பை 3-இல் அந்தத் துளையின் கோட்பாட்டு எல்லை வினாடிக்கு 25 மெகாபைட், பை 4-இல் 50, பை 5-இல் 104. வினாடிக்கு 170 மெகாபைட் என்று விற்கப்படும் அட்டையைப் பை 4-இல் செருகினாலும் 50-ஐத் தாண்டாது. ஆனால் இயங்குதளம் தொடங்குவதும் நிரல்கள் திறப்பதும் தரவுத்தளம் எழுதுவதும் தொடர்ச்சியான பெரிய கோப்புகளால் நடப்பவையல்ல. ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு சிறு துண்டுகளைப் படித்து எழுதுவதால் நடப்பவை. ஏ1 குறியுள்ள அட்டை வினாடிக்கு 1500 சிதறிய படிப்புகளையும் 500 சிதறிய எழுதல்களையும் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஏ2 குறிக்கு 4000, 2000. இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏ2 அட்டை தன் முழு வேகத்தைத் தர, கட்டளைகளை வரிசையில் நிறுத்தி வைக்கும் வசதி பலகையின் பக்கத்திலும் இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத பலகையில் ஏ2 அட்டை ஏ1 அட்டையை மிஞ்சாமல் போவதும் உண்டு.

சேமிப்பகத்தை அளக்கும்போது நேரும் பொதுவான தவறு, பூச்சியங்களால் நிரம்பிய ஒரு கோப்பை டிடி கட்டளையால் எழுதிவிட்டு, அது காட்டும் வேகத்தை நம்புவது. லினக்ஸ் முதலில் நினைவகத்தில் எழுதிவிட்டு, அட்டைக்குப் பிறகு நிதானமாக அனுப்புகிறது. கட்டளை காட்டிய வேகத்தில் பெரும்பங்கு நினைவகத்தினுடையது. ஃபியோ நிரலில் இடைத்தேக்கத்தைத் தவிர்க்கும் தேர்வை இட்டு, 4 கிலோபைட் துண்டுகளாகச் சிதறலாகப் படிக்கவும் எழுதவும் சொல்வதே நம்பத்தக்க வழி. அந்தச் சோதனையையும் சில நிமிடங்களாவது நீட்ட வேண்டும்; பல அட்டைகள் தொடக்கத்தில் விரைவாக எழுதிவிட்டு, உள்ளே வெற்றிடத்தைத் துப்புரவு செய்யத் தொடங்கியதும் தள்ளாடுகின்றன.

இனி இணைப்பு. கம்பி வழி இணைப்பை அளக்க, பலகையிலும் அதே உள்வலையில் கம்பியால் இணைந்த இன்னொரு நல்ல கணினியிலும் ஐபெர்ஃப் நிரலை ஓட்டுவது வழக்கம். இணையத்தளங்களில் கிடைக்கும் வேகச் சோதனை இணையச் சேவையின் வேகத்தைத்தான் சொல்லும், பலகையைப் பற்றிச் சொல்லாது. கிகாபிட் இணைப்பில் ஐபெர்ஃப் காட்டக்கூடிய உச்சம் 1000 அல்ல, ஏறத்தாழ 941 மெகாபிட். இது குறையன்று, எளிய கணக்கு. ஒவ்வொரு ஈதர்நெட் சட்டகமும் (கம்பியில் செல்லும் ஒரு தரவுப் பொதி) 1500 பைட் சுமக்கிறது. அதில் ஐபி, டிசிபி தலைப்புகளும் நேரக்குறிப்பும் 52 பைட்டை எடுத்துக்கொள்ள, நம் தரவுக்கு எஞ்சுவது 1448. சட்டகத்தின் தலைப்பு, பிழைகாண் எண், முன்னோட்டக் குறி, அடுத்த சட்டகத்துக்கு முன் விட வேண்டிய இடைவெளி ஆகியவற்றைச் சேர்த்தால் கம்பியில் செல்வது 1538. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.9415. எனவே 941 என்று வந்தால் அதற்கு மேல் தேட ஒன்றுமில்லை.

மாறாக 94 என்று வந்தால் அந்த எண்ணே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறது. அது 100 மெகாபிட் இணைப்பின் உச்சம். கிகாபிட் ஈதர்நெட்டுக்குக் கம்பியின் 4 இணைகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு 2 இணைகள் போதும். கம்பியின் முனையில் ஓர் இழை சரியாகப் பதியாமல் போனாலும், இரு முனைகளும் தங்களுக்குள் பேசி 100-க்கு இறங்கி ஒத்துக்கொள்கின்றன. எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. எல்லாம் இயங்குகிறது, பத்தில் ஒரு பங்கு வேகத்தில். ஈத்டூல் கட்டளை இணைப்பின் ஒப்புக்கொண்ட வேகத்தை ஒரே வரியில் காட்டிவிடும். மாற்ற வேண்டியது கம்பியை மட்டுமே.

இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட எண் வந்தால் அது பலகையின் உள்கட்டமைப்பைப் பற்றிப் பேசுகிறது. 3 பி பிளஸ் பலகையில் கிகாபிட் ஈதர்நெட் என்று எழுதியிருந்தாலும் அந்தச் சில்லு யூஎஸ்பி 2.0 வழியாகவே செயலியோடு இணைக்கப்பட்டிருந்ததால் உச்ச வேகம் 300 மெகாபிட் அளவிலேயே நின்றது. அதே வழியைத்தான் 4 யூஎஸ்பி துளைகளும் பகிர்ந்துகொண்டன. வட்டிலிருந்து படித்து வலையில் அனுப்பும் கோப்புச் சேவையகத்துக்கு அந்தப் பலகை சரிப்படாமல் போனதற்கு இதுவே காரணம். 2019-இல் வந்த பை 4-இல் ஈதர்நெட் சில்லோடு நேரடியாக இணைந்தது, யூஎஸ்பி 3.0 துளைகள் தனியே ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியைப் பெற்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால் இந்தப் பகிர்வு வெளிப்படாது. வட்டுச் சோதனையையும் வலைச் சோதனையையும் ஒரே நேரத்தில் ஓட்டும்போதே வெளிப்படும்.

ஐபெர்ஃபை இரு திசைகளிலும் ஓட்ட வேண்டும். பலகை அனுப்பும் வேகமும் பெறும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒப்புதலுக்குக் காத்திராமல் தரவை அனுப்பும் யூடிபி முறையில் ஓட்டும்போது வேகத்தை நாமே குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் அது 1 மெகாபிட் வேகத்தில் மட்டுமே அனுப்பும். அந்த எண்ணைக் கண்டு வலை நாசமாகிவிட்டது என்று பதறியவர்கள் பலர். ஐபெர்ஃப் 941 காட்டியும் கோப்பை நகலெடுக்கும்போது வேகம் மிகக் குறைவாக இருந்தால், பெரும்பாலும் எஸ்எஸ்எச் என்ற மறையாக்கப்பட்ட தொலை இணைப்பு வழியாக நகலெடுப்பதன் மறையாக்கச் சுமை ஒரே மையத்தின் மீது விழுகிறது, அல்லது மறுமுனையில் அட்டையால் அவ்வளவு விரைவாக எழுத முடியவில்லை. வலையின் குறை என்று தோன்றுவது செயலியின் குறையாகவோ சேமிப்பகத்தின் குறையாகவோ முடிவதால்தான் இந்தச் சோதனைகளை வரிசை மாற்றாமல் செய்யச் சொல்கிறேன்.

வைஃபைக்கு வந்தால் எண்கள் ஆட்டம் காணத் தொடங்குகின்றன. ஒரே ஆண்டெனா கொண்ட பலகையில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள தடத்தில், வைஃபை 4 தரத்தின் உச்ச இணைப்பு வேகம் 72.2 மெகாபிட்; 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், வைஃபை 5 தரத்தில் 433 மெகாபிட். இவை காற்றில் குறிகள் செல்லும் வேகம். ஒவ்வொரு பொதிக்கும் ஒப்புதல் வாங்கவும், பிறர் பேசி முடிக்கக் காத்திருக்கவும் ஆகும் நேரம் போக, நமக்குக் கிடைப்பது நல்ல சூழலிலேயே பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான். மறுமுனைக் கணினியும் வைஃபையில் இருந்தால் ஒரே காற்றை இருவரும் பகிர்வதால் அதுவும் பாதியாகிறது.

வேகத்தைவிடத் தாமதத்தையே நான் முதலில் பார்ப்பேன். விடை திரும்ப ஆகும் நேரத்தைக் காட்டும் பிங் கட்டளையை ரவுட்டரை நோக்கி 5 நிமிடங்கள் ஓடவிட்டால், 3 மில்லிவினாடி, 4 மில்லிவினாடி என்று வந்துகொண்டிருக்கும் விடைகளுக்கு இடையில் திடீரென்று 90, 110 என்று சில எட்டிப்பார்ப்பதுண்டு. சராசரியில் அவை கரைந்துபோகும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகத் தட்டச்சு செய்பவரின் விரல்களுக்குத் தெரியும். வைஃபை சில்லு மின்சாரத்தைச் சேமிக்க இடையிடையே உறங்கிவிட்டு, ரவுட்டர் ஏறத்தாழ 102 மில்லிவினாடிக்கு ஒருமுறை விடும் அறிவிப்புக்காக விழிப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். சேமிப்பு நிலையை அணைத்துவிட்டு மீண்டும் அளந்தால் அந்தத் தாவல்கள் மறைகின்றனவா என்று பார்க்கலாம். மறைந்தால் காரணம் உறுதி.

யூஎஸ்பி 3.0 வட்டைச் செருகியதும் வைஃபை படுத்துவிடுவது பலரையும் குழப்பும் இன்னொரு நிகழ்வு. யூஎஸ்பி 3.0-இன் அதிவேகக் குறிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பரவலான இரைச்சலை உண்டாக்குகின்றன என்பதை இண்டெல் நிறுவனம் 2012-இலேயே அளவீடுகளோடு வெளியிட்டது. ஆண்டெனா பலகையின் விளிம்பிலேயே இருக்கும் ஒற்றைப் பலகைக் கணினியில் துளைக்கும் ஆண்டெனாவுக்கும் இடையே சில சென்டிமீட்டரே இருப்பதால் பாதிப்பு கூடுகிறது. வட்டை எடுத்துவிட்டு ஒருமுறை, செருகிவிட்டு ஒருமுறை, 5 கிகாஹெர்ட்ஸில் ஒருமுறை என்று மூன்று முறை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். நல்ல மறைப்புள்ள குட்டையான நீட்டிப்புக் கம்பியால் வட்டைத் தள்ளி வைப்பது பல நேரங்களில் போதுமானது. வெப்பத்துக்காக வாங்கிய உலோகப் பெட்டி ஆண்டெனாவையும் மூடிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சூட்டுக்கு நல்லது செய்த பெட்டி இணைப்புக்குக் கேடு செய்யக்கூடும்.

உணரி போன்றவற்றை இணைக்கும் பொதுப்பயன் முள்வரிசையின் (ஜிபிஐஓ) இணைப்புகளைச் சோதிப்பது எளிது, ஆனால் அலட்சியத்தை மன்னிக்காது: ராஸ்பெரி பையின் முள்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட் குறியைக் கொடுத்தால் சில்லு நிரந்தரமாகப் பழுதாகலாம். பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் தொடர் இணைப்பின் (சீரியல்) அனுப்பும் முள்ளையும் பெறும் முள்ளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, அனுப்பிய எழுத்துகள் அப்படியே திரும்புகின்றனவா என்று பார்ப்பதே அடிப்படைச் சோதனை. பை 3, 4 பலகைகளில் முழுமையான தொடர் இணைப்புச் சுற்று புளூடூத்துக்குப் போய்விட்டது. முள்வரிசைக்கு எஞ்சியது, சில்லின் உள்கடிகாரத்தை நம்பி ஓடும் எளிய சுற்று. அந்தக் கடிகாரம் வேலைப்பளுவுக்கேற்ப மாறினால் தொடர் இணைப்பின் வேகமும் மாறி எழுத்துகள் சிதையும். இதனால்தான் இச்சுற்றை இயக்கும்போது உள்கடிகாரத்தையும் நிலைநிறுத்திவிடுகிறார்கள். இந்தச் சோதனையையும் பலகை சும்மா இருக்கும்போது ஒருமுறையும், முழு வேலையில் இருக்கும்போது ஒருமுறையும் செய்ய வேண்டும்.

எல்லாம் தனித்தனியே தேறிய பிறகு, செயலி, வட்டு, ஈதர்நெட், வைஃபை ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுத்து ஓர் இரவு முழுவதும் ஓட விட வேண்டும். மூடிய பெட்டியில், இறுதியில் கையாளப்போகும் அதே மின்வழங்கியோடும் கம்பியோடும். காலையில் பார்க்க வேண்டியவை மூன்று: வேகக் குறைப்பு எண், கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிவில் யூஎஸ்பி துண்டிப்போ அட்டைப் பிழையோ உள்ளதா என்பது, வலைச் சட்டகங்களின் பிழைக் கணக்கு. இவற்றோடு பலகையின் பதிப்பு, இயங்குதளம், கெர்னல், நிலைபொருள், அறை வெப்பநிலை ஆகியவற்றையும் எழுதி வைத்தால்தான் ஆறு மாதம் கழித்து எடுக்கும் அளவை அதனோடு ஒப்பிட முடியும்.

கடைசியாக ஒரு சோதனை இருக்கிறது, பெரும்பாலோர் செய்வதில்லை. பலகையையும் ரவுட்டரையும் ஒரே நேரத்தில் அணைத்து, ஒரே நேரத்தில் இயக்க வேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு நடப்பது இதுதான். ரவுட்டர் எழுவதற்குள் பலகை எழுந்துவிடும். வலை இல்லாததைக் கண்டு சில நிரல்கள் முயற்சியைக் கைவிட்டுவிடும். பை 4 வரையிலான பலகைகளில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் இல்லாததால், பலகை தான் கடைசியாக நினைவில் வைத்த நேரத்திலிருந்தே எழும். வலை வழியாகச் சரியான நேரம் கிடைக்கும் வரை, அண்மையில் வழங்கப்பட்ட பாதுகாப்புச் சான்றிதழ்களை இன்னும் தொடங்காதவை என்று மறுக்கும். கம்பி சரி, வைஃபை சரி, ஐபெர்ஃப் எண்ணும் சரி. ஆனாலும் சேவையகத்தோடு இணைய முடியாது. பை 5-இல் கடிகாரம் பலகையிலேயே இருக்கிறது, ஆனால் அதற்கான சிறு மின்கலத்தைத் தனியே வாங்கிப் பொருத்தினால்தான் மின்சாரம் இல்லாத நேரத்திலும் அது ஓடும். மின்கலத்தைப் பொருத்திவிட்டு, பலகையை ஒரு மணி நேரம் அணைத்து வைத்து, வலைக்கம்பியைச் செருகாமல் இயக்கி, அது காட்டும் நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.